ஒரே தோலில் வெட்டிய ஜோடி

கம்ப்யூட்டர் தரவைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜைத் தேர்வு செய்வது பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம், புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியும். எந்த மென்பொருள் நல்லது, எத்தனை டிஸ்க் போட வேண்டும், எவ்வளவு வேகம் வரும் என்று கட்டம் போட்ட ஓர் அட்டவணை. அதை எந்த விற்பனையாளரைக் கேட்டாலும் தருவார், டீயும் அவரே வாங்கிக் கொடுப்பார். நான் எழுதப்போவது தயாளன் என்கிற ஓர் ஆளைப் பற்றி. ஸ்டோரேஜ் விஷயத்தில் அவன் செய்த தேர்வு சரியானது. அந்தத் தேர்வைக் காரணம் காட்டித்தான் அவன் வேலையைப் பறித்தார்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு அட்டவணையைத் தேடிப் போங்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கம்பெனி. முன்பக்கம் ஷூ ஃபேக்டரி, பின்பக்கம் தோல் பதனிடும் டேனரி. தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ். டேனரியை ஒட்டிய பழைய கட்டடத்தில், கீழ்த்தளத்தில் ஓர் அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதன் பின்சுவரை உரசிக்கொண்டு ஒரு மூடிய கால்வாய் போகும். தோலிலிருந்து முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர், தோலைப் பதப்படுத்திய அமிலத் தண்ணீர் எல்லாம் அதில்தான் கலந்து சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். அழுகிய முட்டை நாற்றம் வரும். எங்கள் பக்கத்தில் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவரை வெளியூர் ஆள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் வாரம் நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. மறுமாதம் அதே அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அந்தக் காலத்துக் கணினிகள் அந்த அறையில் வருஷக்கணக்கில் ஓடின. தூசு தட்டினால் போதும். அதனால் ‘ராசியான ரூம்’ என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

இரண்டாயிரங்களின் கடைசியில் நிலைமை மாறியது. சம்பளத்துக்கு ஒரு சர்வர், ஏற்றுமதிக் கணக்குக்கு ஒன்று, ஷூ பேட்டர்ன் வரைகிற பிரிவுக்கு ஒன்று என்று அறை நிறைய இயந்திரங்கள். எல்லாமே கிழடு தட்டியவை. இரண்டே இரண்டு பெரிய சர்வர் வாங்கி, பழைய சர்வர்களையெல்லாம் அவற்றுக்குள் மெய்நிகர் சர்வர்களாக ஓட்டலாம் என்று முடிவானது. அப்போதுதான் ஸ்டோரேஜ் கேள்வி வந்தது. ஒரு சர்வர் படுத்தால் அதிலிருந்தவை இன்னொன்றில் எழுந்து ஓட வேண்டும். அதற்குத் தரவு இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு வழி, தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்குவது. விலை ஜாஸ்தி, அந்தப் பெட்டி படுத்தால் எல்லாமே படுக்கும். இன்னொரு வழி அப்போதுதான் வந்திருந்தது. இரண்டு சர்வர்களுக்குள் இருக்கும் சாதாரண டிஸ்குகளை ஒரு மென்பொருள் சேர்த்துக் கட்டி, ஒரே ஸ்டோரேஜ் போலக் காட்டும். எழுதுவதையெல்லாம் இரண்டு பக்கமும் எழுதும்.

இந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டு வந்தவன் தயாளன். மாதனூர் பக்கத்து ஊர்க்காரன். டிப்ளமோ முடித்து என்னிடம் உதவியாளாகச் சேர்ந்து, அப்போது சிஸ்டம்ஸ் என்ஜினியராக ஆகியிருந்தான். அவன் மனைவி உஷா எங்கள் கம்பெனியிலேயே ஷூ தைக்கிற ஸ்டிச்சிங் லைனில் வேலை செய்தாள். கம்பெனி பஸ்ஸில் இருவரும் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். தயாளனிடம் ஒரு குணம். தான் சொல்வது எதிராளிக்குப் புரியவில்லை என்றால் அவனுக்குத் தூக்கம் வராது. விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பான். அந்த மென்பொருளை ஒரு மாதம் பழைய இயந்திரங்களில் போட்டு, ஓடும்போதே வயரைப் பிடுங்கி, டிஸ்கை உருவி, எல்லா விதமாகவும் சித்திரவதை செய்து பார்த்தான். அது தாங்கியது. நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஃபேக்டரி மேனேஜர் பரமசிவம் சாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டிங் மேஜையில் கத்தி பிடித்துத் தொடங்கி, மேனேஜர் நாற்காலிவரை வந்த மனிதர். கம்ப்யூட்டர் பேச்சு எடுத்தால் கொட்டாவி விடுவார். நான் பத்து நிமிடம் பேசினேன். கொட்டாவி வந்தது. தயாளன் குறுக்கே புகுந்தான்.

“சார், லெஃப்ட் ஷூ, ரைட் ஷூ மாதிரி வெச்சிக்கோங்க. இந்த சர்வர்ல எழுதுறது எல்லாம் அந்த சர்வர்லயும் அப்டியே எழுதும். ரெண்டும் ஜோடி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட, ஜோடியா? இத்தினி நாளா இத யாரும் இப்டி சொல்லலியே” என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்து ஆயிற்று.

வெளியே வந்ததும் நான் தயாளனைக் கிண்டல் செய்தேன். “ஷூல ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணயும் தூக்கித்தான் போடணும். ஒத்த ஷூ போட்டுக்கினு எவன்டா நடப்பான்?”

“கையெழுத்து வந்துச்சா இல்லியா மேடம்?” என்றான். அவனுக்கு அன்று கால் தரையில் படவில்லை.

ஷூ தொழிலில் இல்லாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இடது காலும் வலது காலும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்தில் வெட்டப்பட வேண்டும் என்பது கட்டிங்கில் முதல் பாடம். வேறு வேறு தோலில் வெட்டினால் சாயம் ஒரு நூல் மாறி நிற்கும், வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான். வெட்டிய ஜோடியைப் பிரிக்கவும் கூடாது. ஒரே தட்டில், ஒரே டிராலியில்தான் கடைசிவரை போக வேண்டும். ஒரு டிராலியில் ஒற்றைக் கால் கிடைத்தால் சூப்பர்வைசருக்கு அன்றைக்கு அர்ச்சனை உண்டு. பரமசிவம் சார் இந்தப் பாடத்தில் வளர்ந்தவர். ஜோடி என்ற வார்த்தையை அவரிடம் கொடுத்தால் அதன் சட்டதிட்டம் அத்தனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

சர்வர் சப்ளை செய்கிறவரை அவரே போனில் கூப்பிட்டார். “ரெண்டும் ஒரே மாடல், டிஸ்க் எல்லாம் ஒரே லாட்ல இருந்து வரணும். கலந்து குடுத்தா திருப்பி அனுப்பிடுவேன்” என்றார். வேறு வேறு லாட்டில், அதாவது வேறு வேறு தயாரிப்புத் தொகுதியில் வாங்குவதுதான் நல்லது, ஒரே லாட்டில் ஒரு குறை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று தயாளன் சொல்லிப் பார்த்தான். “நீதானேப்பா ஜோடின்ன?” என்றார்.

இரண்டாவது சர்வரை பேக்கிங் கட்டடத்தின் மாடியில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். தீயோ தண்ணீரோ ஓர் அறையைத் தொட்டால் மற்றது பிழைக்கும். அவருக்கு முகம் சுருங்கியது. “ஜோடிய பிரிச்சா வெப்பாங்க? ராசியான ரூம் இருக்கச் சொல்ல மாடி எதுக்கு? ஒரு ஏசி போதும், ரெண்டும் பக்கத்துல இருக்கட்டும்” என்றார். மூன்றாவதாக, தினமும் டேப்பில் ஒரு பிரதி எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்றோம். அதற்கு அவர் சொன்ன பதிலுக்கு அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். “ரெண்டு காலு இருக்கு. மூணாவது காலு எந்த மனுசனுக்குப்பா இருக்கு?”

பிள்ளைகளே, மேலதிகாரிக்குப் புரிகிற மாதிரி உவமை சொல்லுங்கள் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லுங்கள். ஆனால் அவருடைய தொழிலிலிருந்து உவமை எடுத்தால் அந்தத் தொழிலில் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். அப்புறம் அவர் உங்கள் விஷயத்தைப் பற்றி முடிவெடுக்க மாட்டார், உவமையைப் பற்றித்தான் முடிவெடுப்பார்.

ஒரு வருஷம் ஓடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தயாளன் கேட்டில் நின்றான். முதல் சர்வரில் இரண்டு டிஸ்க் போயிருந்தன. மென்பொருள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. பாரம் முழுவதையும் இரண்டாவது சர்வருக்கு மாற்றிவிட்டது. பேக்கிங்கில் இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாங்கள் மாற்று டிஸ்குக்குச் சொல்லிவிட்டு மூச்சு விடுவதற்குள் இரண்டாவது சர்வரிலும் ஒரு டிஸ்க் சிவப்பு காட்டியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று விட்டுவிட்டுப் பேசத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக நின்றன. அன்று மாலைக்குள் ஒரு கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் உள்ளே மாட்டிக்கொண்டன.

மேனேஜர் அறைக்குள் வந்தபோது அவர் பின்னால் பாதி ஆபீஸ் நின்றது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார்.

“வேணாம் சார். இப்ப ஒரு டிஸ்கு அப்பப்ப பேசுது. ஆஃப் பண்ணா திரும்ப எழுந்துக்காம போய்டும்” என்றான் தயாளன்.

“கண்டெய்னர் நிக்குதுய்யா. என் வூட்டு டிவிய அப்டித்தான் சரி பண்றேன்.”

அவர் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார். தயாளன் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், “என்ன தாண்டித்தான் சார் தொடணும்” என்றான். அந்த அறையில் யாரும் அதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நான் மேனேஜரிடம், இன்வாய்ஸை முதலில் வெளியே எடுத்துத் தருகிறோம், அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம் என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பகல் முழுவதும் செத்துக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினோம். எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. எல்லாமும் வராது என்று தெரியும். ஏற்றுமதிக் கணக்கை முதலில் எடுத்தோம். அடுத்து சம்பளக் கணக்கு. மூன்றாவதாகப் பேட்டர்ன் ஃபைல்களைத் தொட்டபோது டிஸ்க் அடங்கிவிட்டது. கண்டெய்னர் போயிற்று, சம்பளமும் போட்டார்கள். அடுத்த சீசனுக்கு வரைந்து வைத்திருந்த பேட்டர்ன்கள் மொத்தமும் போய்விட்டன. அட்டையில் வெட்டி வைத்ததைக் கொண்டு திரும்ப வரைய வாரக்கணக்கில் ஆகும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த ஆர்டர் வேறு எங்கோ போயிற்று, எங்களிடம் ஒரு ஸ்டிச்சிங் லைன் மூடப்பட்டது.

லைன் மூடப்பட்டதும் ‘யாரு பண்ணது’ என்ற கேள்வி எழுந்தது. கேன்டீன்வரை பதிலும் தயாராக இருந்தது. தயாளன் இன்னாவோ ஒரு புது சாஃப்ட்வேரு கொண்டாந்தான், அதான் எல்லாத்தயும் முழுங்கிடுச்சி.

சப்ளையரின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். செத்த டிஸ்குகளைத் திருப்பி அடியிலிருந்த பச்சை சர்க்யூட் பலகையை வெளிச்சத்தில் காட்டினார். செம்பும் வெள்ளியும் இருக்கிற இடமெல்லாம் கறுப்பாகப் பாசி படர்ந்திருந்தது. ஒரு கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்குப் பாலம் போட்டிருந்தது. “பக்கத்துல என்ன இருக்கு மேடம்?” என்று கேட்டார். நான் பின்சுவரைக் காட்டினேன். கால்வாயில் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் கலக்கும்போது கிளம்புகிற வாயு இது என்றார். பழைய கணினிப் பலகைகளில் ஈயம் பூசியிருப்பார்கள், அது தாங்கும். ஈயம் கூடாது என்று சட்டம் வந்த பிறகு வெள்ளி பூசுகிறார்கள். வெள்ளிக்கு இந்தக் காற்று ஆகாது.

தயாளன் கறுத்த பலகையை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தான். “எங்க வூட்ல உஷா கொலுசு இப்டித்தான் மேடம் கறுத்துப் போவும். புளி போட்டுத் தேய்ச்சிக்கினே இருப்பா” என்றான். பிறகு, “ரெண்டு சர்வரும் ஒரே லாட்டு, ஒரே ரூமு, ஒரே காத்து. ஒரே நேரத்துலதான் சாவும். நான் தேதி போட்டுச் சொல்லியிருக்கலாம்” என்றான்.

மென்பொருள் குற்றமற்றது என்று ஆயிற்று. டிஸ்குகள் தனித்தனியாகச் சாகும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு பிரதி வைக்கிற எல்லா ஏற்பாடும் நிற்கிறது. ஒரே தோலில் வெட்டிய ஜோடியில், தோலில் கீறல் இருந்தால் இரண்டு காலிலும் இருக்கும். ஸ்டோரேஜ் பற்றி நீங்கள் கேட்ட பாடம் இவ்வளவுதான். எத்தனை பிரதி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், அந்தப் பிரதிகள் எதையெல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று கேளுங்கள். கரண்ட், சாவி, மாடிப்படி, சப்ளையர், காற்று, எல்லாவற்றையும் கேளுங்கள்.

நான் சந்தோஷமாக மேனேஜர் அறைக்குப் போனேன். தயாளன் பிழைத்தான் என்று நினைத்தேன். அவ்வளவு வயதாகியும் எனக்கு அந்த அப்பாவித்தனம் மிச்சம் இருந்தது.

பரமசிவம் சார் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “மேடம், காத்துன்ற வார்த்த இந்த ரூம விட்டு வெளிய போவக் கூடாது” என்றார்.

“சார், மெஷின் அதாலதான் செத்துது.”

“இருக்கட்டும். அடுத்த மாசம் பையர் கம்பெனிலேருந்து ஆடிட்டுக்கு வர்றான். தண்ணி எங்க போவுது, பொகை எங்க போவுதுன்னு மோந்து பாக்குறதுக்குன்னே வர்றான். வாயு வருதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா அவன் போய்டுவான். அவன் போய்ட்டான்னா இந்த கேட்டு மூடிடும். எத்தினி பஸ்ஸு பொம்பளைங்க வர்றாங்க, நீங்களே பாக்குறீங்க இல்ல?” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “சாஃப்ட்வேரு தப்பா செலக்ட் பண்ணிட்டோம்னு ரிப்போர்ட் குடுங்க.”

நான் எழுத மாட்டேன் என்றேன். தயாளன் வெளியே நின்றிருந்தான். அவரே அவனை உள்ளே கூப்பிட்டு அதே வார்த்தைகளை அவனிடமும் சொன்னார். மிரட்டவில்லை. அந்த மனிதர் கெஞ்சினார், அதுதான் கொடுமை.

“என் பேர்லயே போட்ருங்க சார்” என்றான் தயாளன்.

வெளியே இழுத்து வந்து அவனைத் திட்டினேன். பைத்தியமா உனக்கு, உன் மேல தப்பு இல்லைன்னு கையில ஆதாரம் இருக்குதுடா என்றேன்.

“ஆதாரத்த வெச்சிக்கினு இன்னா மேடம் பண்றது? உஷா மாசமா இருக்கா. அவ லைனும் போச்சுன்னா வூட்ல ரெண்டு பேரும் சும்மாதான் உக்காரணும். அவ சம்பளமாவது வரட்டும். எங்க பஸ்ல வர்ற பொண்ணுங்க எல்லாம் எங்க தெருதான். கேட்டு மூடுனா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊருக்குள்ள போவேன்?” என்றான். “எனக்கு வேற எடத்துல கெடைக்கும்.”

அவன் பெயரில் ரிப்போர்ட் போயிற்று, அவன் வேலையும் போயிற்று. வேறு இடத்தில் கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒருவருக்கொருவர் தோஸ்துதான். ஸ்டோரேஜைக் கவிழ்த்தவன் என்ற பேச்சு அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் குடியாத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தான். வெளியே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே மேடம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். அவன் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றான். அவனுடைய தியாகத்தை உடைக்க எனக்கு உரிமை உண்டா என்று யோசித்து யோசித்தே நாட்கள் போயின.

புது சர்வர்கள் வந்தன. இந்த முறை யாரும் ஜோடி என்று பேசவில்லை. ஒன்று பேக்கிங் கட்டடத்து மாடியில், இன்னொன்று முன்பக்கத்து ஆபீஸில். காற்றை வடிகட்ட இரண்டு அறையிலும் கரி வடிகட்டி போட்டார்கள். தினமும் டேப். நான் கேட்டதெல்லாம் கேட்டவுடன் கிடைத்தது. மென்பொருள் மட்டும் அதேதான், தயாளன் தேர்வு செய்ததுதான். அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால்வாயைச் சரிசெய்யக் கேட்டபோது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலை, ராசியான ரூமுக்குள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் வாத்தும் பாதி முயலும் வரைந்திருந்தார்கள். ஆடிட்டுக்கு வந்தவர்கள் பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஏசியோடு ஓர் அறை காலியாக இருந்தது. உஷா அந்த வாரம்தான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். காப்பகம் திறக்கட்டும் மேடம், பாப்பாவ கையோட கொண்டாந்துடுவேன் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

மேனேஜரிடம் ஓடினேன். “சார், அந்த ரூம்ல ஒரு வருசம் தாங்காம மெஷின் செத்துது.”

“மெஷினுக்கு ஒத்துக்காது மேடம், அது டெலிகேட்டு” என்றார். “புள்ளைங்க இந்த ஊரு காத்துலயே பொறந்ததுங்க. பழகிடும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அந்த அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுப் பழகியவள்தானே. ஆனால் அந்தச் சென்னை ஆள் இன்னொன்றும் சொல்லிப் போயிருந்தார். அந்த வாயு மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் பழகிவிட்டது என்று நாம் சொல்வது, மூக்கு வேலையை விட்டுவிட்டது என்பதைத்தான். அந்த வாயு தேங்கிய தொட்டிக்குள் இறங்கி, மேலே ஏறி வராத ஆட்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குழந்தைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு மாதிரி பேசினேன்.

“சார், ஒரு விஷயம். சர்வர் ரெண்டும் இப்ப வேற வேற கட்டடத்துல இருக்கு. நடுவுல கேபிள் அறுந்துச்சுன்னா ரெண்டும் நான்தான் உசுரோட இருக்கேன்னு நெனச்சிக்கினு தனித்தனியா எழுத ஆரம்பிச்சிடும். அப்புறம் எது நெசம்னு தெரியாது. அதுக்கு மூணாவதா ஒரு எடத்துல ஒரு சின்ன மெஷின் வேணும். சாட்சின்னு பேரு. அது யாரு பக்கம் பேசுதோ அதான் செல்லும்.”

அவர் முகம் மாறியது. அந்தத் திங்கட்கிழமையை அவர் மறக்கவில்லை. “அத எங்க வெக்கணும்?”

“ரெண்டு கட்டடத்துலயும் இல்லாம, ரெண்டுக்கும் கேபிள் வர்ற எடத்துல. பழைய ரூம்தான் சார். பூட்டி வெக்கணும். ஆளுங்க போவக் கூடாது.”

சாட்சி வேண்டும் என்பது உண்மை. அந்த அறையில்தான் வேண்டும் என்பது பொய். கம்பெனிக்குள் பத்து இடத்தில் வைத்திருக்கலாம், வாட்ச்மேன் கூண்டில்கூட. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. “மெஷினுக்குன்னா சரி” என்று அப்போதே போனை எடுத்தார். வாத்தையும் முயலையும் அப்படியே விட்டுவிட்டுப் பெயின்டர்கள் போனார்கள். காப்பகத்தை பேக்கிங் மாடியில், சர்வர் அறைக்குப் பக்கத்தில் திறந்தார்கள். வடிகட்டிய காற்று அங்கே கொஞ்சம் கசிந்து வரும். உஷாவின் பெண் அங்கேதான் வளர்ந்தாள். ஏன் மாடிக்கு மாற்றினார்கள் என்று உஷாவுக்குத் தெரியாது. தயாளனுக்கு நான் போன் செய்து சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு, “கஸ்டமர் நிக்கிறாங்க மேடம்” என்று வைத்துவிட்டான்.

அந்த அறையில் வைத்த கணினி அவ்வப்போது செத்துப்போகும். நான் இன்னொன்று கேட்பேன். ஒரு வார்த்தை பேசாமல் கொடுப்பார்கள். நான் ஓய்வு பெறுகிறவரை அப்படியே நடந்தது. சாஃப்ட்வேரைத் தப்பாகத் தேர்வு செய்தவன் என்ற பெயர் தயாளனுக்கு இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. இல்லை என்று நான் எழுத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை.

உங்களில் யாராவது அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போனால், கீழ்த்தளத்தில் பூட்டிய ஓர் அறையைப் பார்ப்பீர்கள். உள்ளே ஒரு சின்ன கணினி ஓடிக்கொண்டிருக்கும். சுவரில் பாதி முடித்த முயல் இருக்கும். சாட்சி இயந்திரத்தை இதைவிட நல்ல இடத்தில் வைக்கலாமே, இங்கே அடிக்கடி கெட்டுப்போகிறதே என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தோன்றுவது சரிதான். ஆனாலும் அதை அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அந்த இடத்தில் ஆட்களை உட்கார வைப்பார்கள். அது செத்தால் இன்னொன்றைக் கொண்டுபோய் வையுங்கள்.